கூரை போன கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அக்டோபர் முதல் வாரம், வட இத்தாலியின் தென் டிரோலில், போல்சானோவில் ஆறு நாள் தங்குகிறீர்கள். நீங்கள், மனைவி, 64 வயது அம்மா. யாருக்கும் மலையேற்றப் பழக்கம் இல்லை. வரைபடத்தைத் திறந்தால் சுற்றிலும் கோட்டைகளும் இடிபாடுகளுமாக இருக்கிறது, எதற்கெல்லாம் நடந்து போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே போகிறபோக்கில், "இடிந்து கிடக்கிற கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் ஏறணுமா?" என்று ஒரு வரி. உங்கள் உண்மையான கேள்வியே அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் படுகிறது. பெயர்களை எந்தச் சுற்றுலாக் கையேடும் தந்துவிடும்.

நான் கட்டடப் பொறியாளன். பழைய கற்கட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. ஆல்ப்ஸின் இந்தப் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன், சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ஏதாவது ஒரு மதில் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். வரலாற்றாசிரியன் இல்லை. ஆகவே கல், காரை, கூரை பற்றிச் சொல்வதை நம்பலாம். பிரபுக்களின் சண்டை பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில், ஏன் இத்தனை கோட்டைகள் என்பது. ஆல்ப்ஸைத் தாண்டும் பெரிய கணவாய்களில் பிரென்னர்தான் தாழ்வானது, சுமார் 1,370 மீட்டர். ஜெர்மனியிலிருந்து ரோமுக்குப் போன பேரரசர், பிஷப், உப்பு வண்டி, துணி வியாபாரி எல்லாருக்கும் இது பிரதான வழி. கணவாயிலிருந்து இறங்கும் பாதை ஆடிஜே ஆற்றின் பள்ளத்தாக்கில் வந்து சேரும். இன்று அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் ஆப்பிள் தோட்டமும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்குக் கரை கட்டும்வரை அதில் பெரும்பகுதி சதுப்பு நிலம். ஊரும் பாதையும் சரிவின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சரிவில் ஒரு பாறைமுனை கிடைத்தால் போதும், அங்கே உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களைப் பார்க்கலாம், சுங்கம் வாங்கலாம், சில சமயம் பிடித்தும் வைத்துக்கொள்ளலாம். 1158இல் பேரரசர் பார்பரோசாவைப் பார்க்கப் போன போப்பாண்டவரின் தூதர்களான இரண்டு கர்தினால்களை, போல்சானோவுக்குப் பக்கத்தில் உள்ள எப்பானின் பிரபுக்கள் வழிமறித்துக் கொள்ளையடித்துச் சிறை வைத்தார்கள். அந்தக் கர்தினால்களில் ஒருவர் பின்னாளில் மூன்றாம் செலஸ்டின் என்ற பெயரில் போப்பாண்டவரே ஆனார். அந்தப் பிரபுக்களின் கோட்டைக்குத்தான் உங்களை அனுப்பப் போகிறேன்.

அடுத்தது, ஏன் இடிந்தன. போரில்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சில கோட்டைகள் அப்படிப் போனது உண்மை. ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலான கோட்டைகளைக் கொன்றது கூரை. பீரங்கி வந்த பிறகு பாறைமுனைக் கோட்டையால் லாபமில்லை. தண்ணீர் சுமக்க வேண்டும், விறகு சுமக்க வேண்டும், குளிர்காலத்தில் உறைய வேண்டும். சொந்தக்காரர் கீழே ஊருக்குள் வசதியான வீட்டுக்குப் போய்விட்டார். மேலே ஒரு குத்தகைக்காரர். பிறகு அவரும் இல்லை. கூரை ஓட்டில் ஒன்று நழுவுகிறது, மழைத் தண்ணீர் சுவரின் தலையில் இறங்குகிறது. கல்லுக்குக் கல் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. அதற்குள் போன தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரியும், வசந்தத்தில் உருகும். ஒரு வருடத்தில் பல தடவை இது நடக்கும். நூறு வருடம் யாரும் ஏறிப் பார்க்காமல் இருந்தால் எதிரியே வேண்டாம். மிச்சம் இருக்கும் நல்ல மரத்தையும் செதுக்கிய மூலைக்கல்லையும் ஊர்க்காரர்கள் கொண்டுபோய்த் தொழுவம் கட்டிக்கொள்வார்கள்.

இதனால் நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: முழுசாக இருக்கும் கோட்டையை முதல் நாள் பாருங்கள், இடிந்ததை அடுத்த நாள். வரிசையை மாற்றினால் இடிபாடு வெறும் கல்லாகத்தான் தெரியும். மாற்றாமல் போனால், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

முழுசானதற்கு ருங்கெல்ஸ்டைன். போல்சானோ நகர மையத்திலிருந்து டால்ஃபெர் ஆற்றங்கரை நடைபாதையிலேயே வடக்கே போனால் முக்கால் மணி நேரம், கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் கல் பாவிய செங்குத்தான ஏற்றம். வழியில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே மாரெட்ச் என்ற கோட்டை சமதளத்தில் இருக்கிறது, அம்மா அங்கேயே நின்றுகொள்வதாகச் சொன்னாலும் நஷ்டமில்லை. ருங்கெல்ஸ்டைன் 1237இல் தொடங்கியது. 1385இல் போல்சானோ வியாபாரிகளான ஃபின்ட்லர் சகோதரர்கள் அதை வாங்கினார்கள். பணம் வந்துவிட்டது, பரம்பரை இல்லை. பரம்பரைப் பிரபுக்கள் ரசிக்கும் கதைகளையெல்லாம் சுவரில் எழுதிவைத்துவிட்டால் அந்தக் குறை தீரும் என்று நினைத்திருக்க வேண்டும் (இது என் ஊகம்). டிரிஸ்டன்-இசோல்ட் காதல், ஆர்தர் அரசனின் வீரர்கள், பந்து விளையாட்டு, நடனம், வேட்டை என்று அறை அறையாக ஓவியம். அந்தக் காலத்தில் இங்கே சுவரோவியம் என்றால் சாமிப்படம்தான். சமயம் சாராத ஓவியங்கள் இவ்வளவு ஒரே இடத்தில் தப்பிப் பிழைத்திருப்பது ஐரோப்பாவிலேயே அபூர்வம்.

ஓவியத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு பத்து நிமிடம் எனக்காக ஒதுக்குங்கள். தரைப்பலகை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, உத்தரம் சுவருக்குள் எங்கே நுழைகிறது, கணப்பின் புகை எந்த வழியாக மேலே போகிறது, கழிப்பறை சுவருக்கு வெளியே எப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது, சன்னல் பக்கத்தில் உட்காரக் கல்திண்ணை இருக்கிறதா, இதையெல்லாம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு இவற்றில் மரமெல்லாம் போய்விடும், கல் மட்டும் இருக்கும். இன்னொன்று: இங்கேயும் கோடைக்கால மாளிகையின் வடக்குச் சுவர் 1868இல் ஓவியத்தோடு ஆற்றுப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. முழுசு என்று நாம் சொல்வதும் பாதி பழுதுபார்த்ததுதான்.

இரண்டாம் நாள் எப்பான். மிசியான் என்ற சிற்றூரிலிருந்து கோர்ப், போய்மோன்ட், ஹோக்எப்பான் என்று மூன்று கோட்டைகளைச் சுற்றி வரும் பாதை. நடை மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். திராட்சைத் தோட்டத்தில் தொடங்கி ஓக் மரக்காட்டுக்குள் ஏறும். கோர்ப் இப்போது விடுதி, வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம். உங்கள் கேள்விக்குப் பதில் போய்மோன்ட்டில் இருக்கிறது.

சுமார் 1230இல் கட்டியது, 1425இல் தீப்பிடித்தது, பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. உள்ளே முற்றத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேலே அந்தரத்தில் ஒரு கணப்பு தெரியும். யாராலும் அங்கே போய்க் குளிர்காய முடியாது. அந்தக் கணப்பின் அடிமட்டத்தில் சுவர் லேசாக உள்வாங்கியிருக்கிறதா, அல்லது வரிசையாகப் பெரிய சதுரக் குழிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அங்கேதான் தரை இருந்தது, உத்தரங்கள் அந்தக் குழிகளில் நுழைந்திருந்தன. அதை ஒரு கோடாக மனதில் போட்டுக்கொண்டால் ஒரு மாடி வந்துவிடும். இன்னும் சிறிய குழிகள், ஆள் உயரத்துக்கு ஒரு வரிசையாகச் சுவர் முழுக்கத் தெரியும். அவை அம்பு விடவோ காற்று வரவோ வைத்தவை இல்லை, கொத்தனார் சாரம் கட்டிய துளைகள். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி, ஒரு சாரத்தில் நின்றபடி ஒருவர் எட்டிக் கட்டிய உயரம். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் வேலை செய்த ஒரு கொத்தனாரின் கை எட்டிய அளவு அங்கே அப்படியே இருக்கிறது. எனக்கு எந்த அரியணையையும்விட இதுதான் பிடிக்கும்.

பிறகு சன்னல்களைப் பாருங்கள். சிறு தூண்களோடு அழகான வளைவுச் சன்னல்கள், வரிசையாக, வெளிப்பக்கம் பார்த்து. எதிரிக்குப் பயந்தவர் இப்படிச் சன்னல் வைக்க மாட்டார். போய்மோன்ட் பெயருக்குத்தான் கோட்டை, அது வசிப்பதற்கும் காட்டிக்கொள்வதற்கும் கட்டிய வீடு என்று வல்லுநர்கள் சொல்வதை இந்தச் சன்னல்களை வைத்தே நீங்களும் சொல்லிவிடலாம்.

போய்மோன்ட்டிலிருந்து ஹோக்எப்பானுக்குப் போகும் வழியில் ஒரு ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், படிகள் இருக்கின்றன. அம்மாவின் முழங்காலுக்கு இந்த இடம்தான் சோதனை. அவரால் முடியாவிட்டால் போய்மோன்ட்டோடு திரும்புங்கள், உணவகம் உள்ளேயே இருக்கிறது. ஹோக்எப்பான் 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது, சுமார் 630 மீட்டர் உயரத்தில், ஐங்கோணக் கோபுரத்தோடு. கர்தினால்களைப் பிடித்த பிரபுக்களின் இருப்பிடம் இதுதான். முனையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் அவர்கள் ஏன் இங்கே கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே ஒரு சிறு தேவாலயம். உள்ளே 1200ஐ ஒட்டிய ஓவியங்கள். ஏசு பிறந்த காட்சியில், மரியாள் படுத்திருக்க, கால்மாட்டில் ஒரு பெண் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, வாணலியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறாள். பிரசவ வீட்டில் யாராவது ஒருத்தர் சமைத்துக்கொண்டிருப்பார்களே, அதே ஆள். அது க்னூடல் என்ற, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவான ரொட்டி உருண்டை. க்னூடலின் மிகப் பழைய படம் இதுதான் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். அதைவிடப் பழையது எங்கும் இல்லை என்று அடித்துச் சொல்வது கஷ்டம், ஆனால் பழையது என்பதில் சந்தேகமில்லை. ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கோட்டை உணவகத்திலேயே க்னூடல் கிடைக்கும். சைவம் என்றால் கீரை அல்லது பாலாடைக்கட்டி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். சும்மா க்னூடல் என்று சொன்னால் பெரும்பாலும் ஸ்பெக், அதாவது புகையூட்டிய பன்றி இறைச்சி, சேர்ந்ததுதான் வரும்.

கோட்டைக் கதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. போல்சானோவிலிருந்து மெரானோவுக்கு ரயிலில் போகும்போது செங்குத்தான பாறை மேல் கிரைஃபென்ஸ்டைன் என்ற இடிபாடு தெரியும். ஊர்க்காரர்கள் அதைப் பன்றிக் கோட்டை என்பார்கள். முற்றுகை போட்டவர்கள் பட்டினியால் பணிய வைக்கப் பார்த்தபோது, உள்ளே இருந்தவர்கள் கடைசிப் பன்றியை மதிலுக்கு வெளியே தூக்கிப்போட்டு, எங்களிடம் இறைச்சி கொட்டிக் கிடக்கிறது என்று காட்டினார்களாம். டிரோல் கோமகன் நான்காம் ஃபிரெடரிக் அதை முற்றுகையிட்டது வரலாறு. பன்றியை வரலாற்றில் சேர்க்க முடியாது. இதே கதை ஆஸ்திரியாவில் ஹோக்ஓஸ்டர்விட்ஸ் கோட்டையில் எருதோடும், பிரான்ஸில் கார்க்கசோனில் மறுபடி பன்றியோடும் சொல்லப்படுகிறது. இத்தனை ஊரில் எதிரி இப்படி ஏமாந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. அதேபோல், மதிலிலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்று வழிகாட்டி சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். எண்ணெய் விலை அதிகம், கல் இலவசம். மதிலின் பற்கள் மீன்வால் மாதிரி பிளந்திருந்தால் அது பேரரசர் கட்சி, சதுரமாக இருந்தால் போப்பாண்டவர் கட்சி என்பதும் அப்படியே. எப்போதாவது உண்மையாக இருந்திருக்கலாம், ஆனால் இன்று கண்ணில் படும் பற்களில் பல 19ஆம் நூற்றாண்டில் சீரமைத்தபோது அழகுக்காக வைத்தவை. காரையின் நிறம் கீழே ஒன்றாகவும் மேலே ஒன்றாகவும் இருக்கிறதா என்று பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கும்.

மூன்றாவதாக டிரோல் கோட்டை, அம்மாவுக்காக. மெரானோவுக்கு மேலே உள்ள டிரோல் கிராமம்வரை பேருந்து. அங்கிருந்து கோட்டைக்குப் பெரிய ஏற்றம் இல்லாத, வாகனம் வராத நடை, நடுவில் மலையைக் குடைந்த சிறு சுரங்கவழி. இந்த மாகாணம் முழுவதற்கும் பெயர் கொடுத்த கோட்டை இது. 1363இல் மார்கரெட் என்ற கோமகள் டிரோலை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்திடம் ஒப்படைத்தாள். மற்றவர்கள் தேவாலய வாசலின் கற்சிற்பங்களைப் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். நான் அங்கே போனால் பக்கத்துப் பள்ளத்தைத்தான் பார்ப்பேன். மற்ற கோட்டைகள் பாறை மேல் இருக்க, இது பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் கலந்த மேட்டின் மேல் இருக்கிறது. 1640இல் கோட்டையின் ஒரு பகுதி பள்ளத்துக்குள் சரிந்து போனது. அதே மண் மழையில் அரித்து, தலையில் ஒரு கல்லைச் சுமந்த கூம்புகளாக அந்தப் பள்ளத்தில் நிற்பதைப் பாதையிலிருந்தே காணலாம். மேலே இருக்கும் கல் குடை பிடிப்பதால் அடியில் உள்ள மண் மட்டும் கரையாமல் நிற்கிறது. அஸ்திவாரம் பற்றி மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பதற்குப் பதில் இங்கே கூட்டி வரலாம்.

மெரானோவைச் சுற்றி வால்வேக் என்று பலகை கண்டால் தயங்காமல் நடங்கள். வால் என்றால் பாசனக் கால்வாய். அதன் ஓரமாகக் கால்வாயைப் பராமரிப்பவர் நடந்த பாதைதான் வால்வேக். தண்ணீர் மெதுவாக ஓட வேண்டுமே, அதனால் பாதையும் கிட்டத்தட்ட சமமாகவே போகும். மார்லிங் வால்வேக் 12 கிலோமீட்டர், வேண்டிய இடத்தில் இறங்கிவிடலாம், லேபன்பெர்க் கோட்டை பக்கத்திலேயே வரும்.

நேரம் பாக்கி இருந்தால் போல்சானோவை ஒட்டிய சிக்முண்ட்ஸ்குரோன். 945ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்த இடத்தின் பெயர் வருகிறது. 1473இல் கோமகன் சிக்முண்ட் அதை வாங்கிப் பீரங்கிக் காலத்துக்கு ஏற்ற தடித்த மதில்களாக மாற்றினான். போய்மோன்ட்டின் மெல்லிய சுவரைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் 250 வருடத்தில் என்ன மாறியது என்று கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். உள்ளே மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னர் 2006இல் திறந்த மலை அருங்காட்சியகம், இரும்புப் படிகள் நிறைய.

இனி நடை பற்றி. பாதைக் குறி சிவப்பு-வெள்ளை-சிவப்பு, நடுவில் எண். பலகையில் போட்டிருக்கும் நேரம் இளைப்பாறாமல் நடப்பவருக்கு. ஆல்ப்ஸில் பரவலாகப் புழங்கும் கணக்கு: மணிக்கு 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம். தூரத்துக்கு ஆகும் நேரம், உயரத்துக்கு ஆகும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 4 கிலோமீட்டரில் 450 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றரை மணியும் அரை மணியும், ஆக இரண்டு மணி. உங்கள் குடும்பத்துக்கு அதோடு இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அம்மாவுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்கிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே வலி உண்டென்றால் எவ்வளவு நடக்கலாம் என்று அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. கனமான மலைக்காலணி தேவையில்லை, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி போதும். அக்டோபரில் ஈரமான இலைச்சருகு கல்லின் மேல் கிடக்கும், வழுக்குவது அதில்தான்.

விடுமுறை நாளைப் பாருங்கள், இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். கோட்டைகள் பெரும்பாலும் ஈஸ்டர் வாக்கில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடும். வாரத்தில் ஒரு நாள் பூட்டியிருக்கும், அது திங்களா செவ்வாயா என்பது இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். வந்த முதல் வருடம் நான் ஒரு கோட்டைக்கு இரண்டு மணி நேரம் ஏறிப்போய், கதவில் "ருஹடாக்" என்ற பலகையைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு ஓய்வு நாள் என்று பொருள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீரும் தீர்ந்திருந்தது. "பிரிவாட்" என்று எழுதியிருந்தால் உள்ளே குடும்பம் வசிக்கிறது, எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். வழியில் ஆப்பிள் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கும், பறிக்காதீர்கள். மாட்டுக்கு வைத்த கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

பராமரிப்பு இல்லாத, வேலி போட்ட இடிபாட்டுக்குள் மட்டும் நுழைய வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மழைக்கு மறுநாள் சுவரின் தலையில் இருக்கும் கல் எப்போது விழும் என்று தொழில்காரனான என்னாலேயே சொல்ல முடியாது. சுவரில் ஏறிப் படம் எடுப்பது அதைவிட மோசம், உங்கள் காலுக்கடியில் இருப்பது காரை போய் வெறுமனே அடுக்கிய கல்லாக இருக்கலாம். வெயில் காயும் கற்குவியலில் விரியன் பாம்பு உண்டு, பார்க்காமல் கை வைக்காதீர்கள். புதரோரம் நடந்த நாளில் இரவு கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு 112.

தங்கும் விடுதியில் பேருந்து, ரயிலுக்கான விருந்தினர் அட்டை தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இருந்தால் கார் வாடகையே வேண்டாம். அந்த வாரம் ஆறே முக்கால் வாக்கில் சூரியன் மறையும். மிசியானிலிருந்து காலை பத்து மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு ஹோக்எப்பான், இருட்டுவதற்கு நிறைய முன்பே கீழே. க்னூடல் பெண்ணைப் பார்க்க ஒரு யோசனை: வெளி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது, உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பலகையில் உட்காருங்கள்.